வட்ட மேசைக்கு ஒத்தை ஆளா?

வா பேராண்டி, பசியாறிட்டியா? இல்லையா, நல்லதாப் போச்சு. கோப்பியைக் குடிச்சுக்கிட்டே கேளு. ஹாங்காங், மக்காவ், ஷுண்டே, குவாங்சோன்னு கண்டோனீஸ் சாப்பாட்டுக்காகவே ஊர் ஊராப் போறியாம், ஒரு நாளுக்கு 7 கடைன்னு போன்ல பட்டியல் போட்டு வச்சிருக்கியாம். உங்கம்மா பெருமையாச் சொன்னா. பிறையிலேர்ந்து பாலம் ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய்ட்டு வாடான்னா “ஜாம் தாத்தா”ன்னு படுத்துக்கிற புள்ள, சாப்பிடுறதுக்குன்னு கடல் தாண்டுறான்னா பெருமையா இருக்காதா?

திட்டத்துல ஒரு குறையும் இல்ல. ஆள்தான் மூணு குறையுது.

ஏன்னு கேளு. டிம் சம் கடையில ஒரு கூடைக்கு ஹார் காவ் 4 வரும், சியூ மாய் 4 வரும். ஒத்தையா உட்கார்ந்து ரெண்டு கூடையைக் காலி பண்ணிட்டு, தாமரை இலையில கட்டி அவிச்ச புலூட் அரிசிப் பொட்டலத்தையும் பிரிச்சேன்னு வை, மிச்சம் 6 கடையும் மத்தியானத் தூக்கத்தோட சரி. அந்த வட்ட மேசையைச் செஞ்சவன் குடும்பத்தை நினைச்சுச் செஞ்சான். தனியா உட்கார்ந்து சுத்திவிட்டா, சுத்தினதெல்லாம் உன்கிட்டயே திரும்பி வரும்.

சரி, எத்தனை மணிக்கு எழும்புவ? பத்தரைக்கா? அருமையான நேரம். குவாங்சோவுல தாவ் தாவ் ஜூன்னு 1880-லேர்ந்து பேர் சொல்ற தேத்தண்ணிக் கடை இருக்கு. அந்த ஊர்க் கடைகள்ல கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே என் வயசுக் கிழடுங்க வாசல்ல நிக்கும். ஒரு குவளைத் தேத்தண்ணி, ரெண்டு பலகாரம், ஒரு பேப்பர், ஊர் வம்பு. நீ போய்ச் சேர்றப்போ நாற்காலியும் காலியா இருக்கும், கூடையும் காலியா இருக்கும்.

ஒருத்தர் உனக்குத் தேத்தண்ணி ஊத்தினா ரெண்டு விரலால மேசையைத் தட்டணும். அதுதான் நன்றி. நீ போன்ல தட்டுவ, அது கணக்கில்ல. கெண்டில தண்ணி தீர்ந்துட்டா மூடியைக் கொஞ்சம் தள்ளி வச்சிரு, ஆள் வந்து ஊத்திட்டுப் போவான். கையைத் தூக்கி “அங்கிள்”னு கத்த வேண்டாம், நீ ஒட்டுக்கடையில கத்துற மாதிரி.

அப்புறம் உன் நாக்கு. வெள்ளைக் கோழி கொண்டாந்து வைப்பான். தோல் வழவழன்னு மின்னும், எலும்புக்குள்ள இன்னும் சிவப்பு தெரியும், தொட்டுக்க இஞ்சியும் வெங்காயத்தாளும் எண்ணெயில கிடக்கும். “வேகலை”ன்னு நீ திருப்பி அனுப்பினா, சமைச்சவன் மனசு வெந்து போயிடும். சம்பல் கேட்காதே. இங்க வான்தான் மீக்குப் பக்கத்துல சின்னத் தட்டுல ஊறவச்ச பச்சை மிளகாய் வைக்கிறானே, ஹாங்காங்ல அதையும் எதிர்பார்க்காதே. கிண்ணமே சிறுசு, கரண்டியை அடியில போட்டு, அதுமேல வான்தான், மீ எல்லாத்துக்கும் மேல, சூப்புல ஊறிக் குழையக் கூடாதுன்னு. நீ படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள குழைஞ்சிடும், அது வேற கதை.

புரட்டாசியில போறியாமே! கறி தொடாத மாசமாப் பார்த்து வறுத்த வாத்து நாட்டுக்குப் போறதுக்குத் தனி மூளை வேணும். “கீரை சாப்பிட்டுக்கறேன்”னு சொல்லுவ. காய் லான் கீரையைப் பச்சைப் பசேல்னு அவிச்சு, பளபளன்னு கறுப்பா ஒரு குழம்பு ஊத்திக் கொண்டாருவான். சிப்பிக் குழம்பு பேராண்டி! 1888-ல மக்காவுக்குப் பக்கத்துல நான்ஷூயில லீ கும் ஷியுங்ங்கிறவர் கண்டுபிடிச்சது. பெருமாள் கண்ணை மூடிக்குவார், எனக்கென்ன.

நான் சொல்றதைக் கேளு. முதல்ல ஈப்போவுக்குப் போ. நம்ம பினாங்குச் சீனர்ல ஹொக்கியன்காரங்கதான் அதிகம். சிந்த்ரா தெருவுல வண்டி தள்ளிட்டு வர்ற டிம் சம் கடை இருக்கு, இல்லேங்கல. ஆனா ஈயம் தோண்டக் கிந்தா பள்ளத்தாக்குக்குப் போன கண்டோனீஸ்காரங்க, அடுப்பையும் அங்கதான் மூட்டினாங்க. ஹோர் ஃபன்னுக்கு மூல ஊர் குவாங்சோவுல ஷாஹே. அதே ஹோர் ஃபன் ஈப்போ சுண்ணாம்புக் குன்றுத் தண்ணியாலதான் இப்படித் தொண்டையில வழுக்குதுன்னு ஊரே சத்தியம் பண்ணும். தவுகே கோழியோட வர்ற அந்த முளைப்பயறைப் பாரு, குட்டையா, கொழுகொழுன்னு, கடிச்சா நறுக்குன்னு. பட்டர்வொர்த்துல ரயில் ஏறினா ரெண்டு மணி நேரந்தான். முந்தின நாளே போய்ப் படுத்துக்க, விடியக்காலை டிம் சம் கடையில உன் எழும்புற லட்சணம் தெரிஞ்சிடும். அங்க தேறினா கடல் தாண்டலாம்.

தேறிட்டேன்னா ஷுண்டேயை விட்டுடாதே. 2014-ல யுனெஸ்கோவே உணவு நகரம்னு பட்டம் கொடுத்த ஊர். எருமைப் பாலை ரெண்டு ஆடை கட்ட வச்சு ஒரு இனிப்பு செய்வான்; பல்லே வேண்டாம். ஹாங்காங்லேர்ந்து மக்காவுக்குப் பாலத்து மேல பஸ்ஸு, 2018-ல திறந்தது, 55 கிலோமீட்டர். 1985-ல நம்ம பாலம் 13.5 கிலோமீட்டர்னு நாங்க நெஞ்சை நிமிர்த்தினோம். போகட்டும். குவாங்சோவுக்கு விசா கவலையும் இல்ல. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து சும்மாவே விடுறான்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் தாத்தான்னு பார்க்கிற. சும்மா விசாரிச்சு வச்சேன். பாஸ்போர்ட்டையும் போன மாசம் சும்மாதான் புதுப்பிச்சேன். கூடைக்கு 4 வருதில்ல, நீ, நான், உங்கம்மா, பாட்டி. கணக்கு சரியா வருதா? விடியக்காலை உன்னை எழுப்புற வேலையை நான் பார்த்துக்கறேன். டிக்கெட் போடுறப்போ எனக்கு ஜன்னல் பக்கம். பாட்டிக்கு நடு சீட்டு, அவகிட்ட இன்னும் சொல்லலை. அவ சம்பல் போத்தலைப் பெரிய பெட்டியில வச்சு அனுப்பிடு. கையில எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்டுல பிடுங்கிக்குவான், அப்புறம் வழியெல்லாம் என் உயிரை எடுப்பா.