வேளைக்கொரு வயிறு: ஒற்றைச் செல் உயிரிகளின் ஊண்முறை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: மனிதன் படும் பாடு அத்தனைக்கும் ஒரு சாண் வயிறே காரணம் என்பது தமிழர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. ஔவையார்கூட நல்வழியில் வயிற்றை எதிரே நிறுத்தி முறையிட்டிருக்கிறார். ஆனால் வயிறே இல்லாதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்று விசாரிக்காமல் இப்பழியை உறுதிசெய்வது ஆய்வு நெறியன்று. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு. அமீபா அரை மில்லிமீட்டர் தேறினாலே பெரிய ஆள் என்பதால், சாண் என்னும் அளவை இங்குச் செல்லாது.

சான்று ஒன்று: அமீபாவுக்கு வாய் கிடையாது; உடம்பின் எந்தப் பக்கமும் வாயாகலாம். இரை நெருங்கியதும் போலிக்கால்கள் இருபுறமும் நீண்டு, சுற்றியுள்ள தண்ணீரோடு சேர்த்து அதை வளைத்து மூடிக்கொள்ளும். அப்படி உண்டாகும் உணவுக் குமிழே அந்த வேளைக்கான வயிறு. விழுங்கப்பட்ட உயிரி சற்று நேரம் உள்ளேயே நீந்திக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். பிறகு லைசோசோம்கள் குமிழோடு கலந்து நொதிகளைக் கொட்டும். (இந்த லைசோசோம்களை 1950களில் கண்டறிந்த கிறிஸ்டியான் த துவேவுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது; பல கோடி ஆண்டுகளாக அவற்றைக் கொண்டே சமையலை முடித்துவரும் அமீபாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.) சத்து உடம்பில் சேர்ந்ததும் வயிறு கலைந்துவிடும், சக்கையைப் போகிற போக்கில் பின்னால் விட்டுவிட்டு அமீபா நகர்ந்துவிடும். ஒரே சமயத்தில் பல குமிழ்கள் இருக்கக்கூடும். ஆதலின் அமீபாவுக்கு வயிறு முட்டினால், எந்த வயிறு முட்டியது என்பது தனி ஆய்வுக்குரியது.

சான்று இரண்டு: பரமீசியம் ஆசாரமானது. அதற்கு வாயும் உண்டு, கழிவுக்கென்று குறித்த இடமும் உண்டு. குறுஇழைகள் பாக்டீரியாக்களை வாய்க்குழிக்குள் தள்ள, குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று உடம்பைச் சுற்றிவரும். காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றிய ஈஸ்ட்டை ஊட்டிப் பார்த்தால், சிவப்பாகப் புறப்பட்ட குமிழ் அமிலம் ஏறியதும் நீலமாகும். அமிலம் தணியத் தணிய மறுபடி சிவக்கும். மனித உணவு முதலில் இரைப்பையின் அமிலத்திலும் பின்பு குடலின் காரத்திலும் படும் பாட்டை, இங்கே ஒரே குமிழ் ஊர்வலம் போனபடியே பட்டு முடிக்கிறது.

சான்று மூன்று: மேற்படி பரமீசியத்தையே டிடினியம் என்னும் மற்றோர் ஒற்றைச் செல் உயிரி முழுசாக விழுங்குகிறது. விழுங்கப்படுவது விழுங்குவதைவிடப் பெரியது. உண்டவர் உடம்பு உப்பிப்போனாலும், சில மணி நேரத்தில் அடுத்த பரமீசியத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். இரை அறவே அற்றுப்போனால் உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே முடங்கிக் காத்திருக்கிறார்.

முடிவு: வேளைக்கு வேளை வயிற்றைக் கட்டிக் கலைக்கும் இவர்களுக்கு நிரந்தர வயிறு என்று ஒன்று இல்லை. இருந்தும் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரை தேடித்தான் அலைகிறார்கள். ஆக, வயிற்றை ஒழித்தவர்களாலும் பசியை ஒழிக்க முடியவில்லை என்பது பெறப்படும். எனவே வயிற்றின்மேல் நெடுநாளாகச் சுமத்தப்பட்ட பழியை நீக்கி, அதை நிரபராதி என விடுவிக்க வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. உண்மைக் குற்றவாளி பசியைப் பிடிப்பதற்கு மேலாய்வு தேவை. அதற்கு நிதி ஒதுக்கினால் ஆய்வாளரின் வயிற்றுப்பாடும் தீரும்.