மஃப்ளர் மாமாவுக்கு ஒரு வக்காலத்து

கார்த்திகை அகல் விளக்குகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிய மறுவாரமே சென்னையில் தெருவுக்கு ஒருவர் மஃப்ளர் கட்டிவிடுகிறார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும்போதே முழு அலங்காரத்தில்தான் வருவார். பழுப்பு நிற மஃப்ளர் தாடைக்கு அடியிலிருந்து கிளம்பி, இரண்டு காதையும் அமுக்கிக்கொண்டு மேலேறி, உச்சந்தலையில் முடிச்சாகி நிற்கும். முடிச்சின் நுனிகள் இரண்டும் பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகளாக ஆளுக்கொரு திசையில் விறைத்திருக்கும். இன்னும் முன்ஜாக்கிரதையானவர் என்றால் மங்கி குல்லா. கண், மூக்கு, வாய் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் கம்பளிக்குள். உடம்புக்குக் கையில்லாத ஸ்வெட்டர். இவ்வளவும் இடுப்புக்கு மேலே. இடுப்புக்குக் கீழே முழங்கால் தெரிய மடித்துக் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்பும்தான். மேற்பாதி சிம்லாவிலும் கீழ்ப்பாதி சிந்தாதிரிப்பேட்டையிலும் வசிக்கிற இந்த மனிதரைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. டெல்லியிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், அரைக்கால் சட்டையோடு பால்கனியில் நின்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பு நியாயமில்லை என்பது என் கட்சி. தெருவிலேயே வானிலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் மாமாதான். அவருக்காக ஃபீஸ் வாங்காமல் ஆஜராகிறேன்.

எதிர்த்தரப்பு முதலில் தெர்மாமீட்டரைத்தான் நீட்டும். சென்னையில் ஜனவரி மாதத்துச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 21 டிகிரி. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவானதிலேயே மிகக் குறைவு 13.9 டிகிரி; அதுவும் 1895 டிசம்பர் 11-ஆம் தேதி ஒரு தடவை, 1905 ஜனவரி 29-ஆம் தேதி இன்னொரு தடவை. சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க வேண்டுமென்றால் வெப்பநிலை 10 டிகிரிக்காவது இறங்க வேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் விதி. ஆகவே அந்தச் சமவெளி விதிப்படி பார்த்தால், பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து சென்னையில் குளிரே அடித்ததில்லை. மாமாவின் மஃப்ளருக்கு ஆதாரமில்லை. கேட்பதற்கு வழக்கு முடிந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் அதே வானிலைத் துறை வெயிலுக்கு என்ன விதி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெப்ப அலை என்று சொல்லச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30. ஊட்டிக்காரருக்கு முப்பதிலேயே வெந்துபோக உரிமை உண்டு என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. பிரிட்டனில் சில மாவட்டங்களில் மூன்று நாள் தொடர்ந்து 25 டிகிரி அடித்தாலே வெப்ப அலைதான், லண்டனுக்கு 28. அந்த 25 டிகிரியில் நம்மூரில் ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவோம். எந்த ஊர் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் வெயிலை அளக்க வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்டாயிற்று. குளிருக்கு மட்டும் டெல்லியின் அளவுகோலைக் கொண்டுவந்து மாமாவின் காதருகே நீட்டுவது என்ன நியாயம்? 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. அந்த வெயிலைத் தாங்கி நின்ற உடம்புக்கு 20 டிகிரி என்பது பாதிக்கும் கீழே. போதாததற்கு, வயதானால் உடம்பில் சூடு உற்பத்தியாவதும் குறைகிறது. பேரனுக்கு இதமாக இருக்கிற காற்று தாத்தாவைக் குத்துவதில் நடிப்பு எதுவும் இல்லை.

எண்களில் நம்பிக்கையில்லாதவர்கள் வீட்டுக்குள் வரலாம். ஜனவரிக் காலையில் குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு இறங்காது. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குடைந்து, குச்சி உடைந்து உள்ளேயே தங்கி, கடைசியில் வெந்நீர்ச் செம்பில் பாட்டிலை நிற்கவைத்து, ஓரத்தில் உருகி வருகிற நாலு சொட்டை உள்ளங்கையில் வாங்கித் தலையில் தேய்ப்பதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும்; அது மைத்துனர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்பதில்லை. அடுத்த சாட்சி இட்லி மாவு. மே மாதத்தில் சாயங்காலம் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி மேடையெல்லாம் வழிந்திருக்கும். மார்கழியில் காலை ஏழு மணிக்கும் வைத்த கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி வாக்கில் இருந்தால்தான் சுறுசுறுப்பு. அவையும் நம்மூர்ப் பிரஜைகள்தானே. அதனால் இல்லத்தரசி மாவுப் பாத்திரத்தை டர்க்கி டவலால் சுற்றி, அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார். தயிருக்கு உறை ஊற்றிய பாத்திரம் அரிசி டப்பாவுக்குள் போய் உட்காருகிறது. பழைய ஸ்வெட்டரை மாவுக்குப் போர்த்துகிற வீடுகளும் உண்டு. மாவுக்குக் குளிர்கிறது என்று குடும்பமே ஒருமனதாக ஒப்புக்கொண்டு கம்பளி போர்த்தலாம், அந்த மாவில் சுட்ட இட்லியைச் சாப்பிடப்போகிற மனிதர் போர்த்திக்கொண்டால் மட்டும் கேலியா?

சரி, குளிர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். காதை மட்டும் மூடிக்கொண்டு காலைத் திறந்து விடுவானேன் என்று அடுத்த கேள்வி வரும். கேட்கிறவர்கள் நம் ஊரின் மருத்துவக் கொள்கை தெரியாதவர்கள். அதன்படி குளிர் உள்ளே வருவதற்கு இரண்டே வாசல்தான். ஒன்று காது, மற்றது உச்சந்தலை. காது வழியாகக் காற்று போகும். தலை வழியாகப் பனி இறங்கும். காலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. உடம்புச் சூட்டில் பெரும்பகுதி தலை வழியாகத்தான் போகிறது என்று மேல்நாட்டிலும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்து, தலையின் பரப்புக்குத் தக்கபடி பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போகிறது என்று திருத்திக்கொண்டார்கள். முடி கொட்டிய தலைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்று நான் வாதாடத் தயார். ஆனால் சளி விஷயத்தில் மாமாவுக்குச் சாதகமாகச் சொல்ல அதிகமில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சளி வருவது வைரஸால், பனியால் அல்ல. சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ் உடம்பின் உள்சூட்டைவிட, குளிர்ந்த மூக்குத் துவாரத்தில் நன்றாகப் பெருகுகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அப்படிப் பார்த்தால் குளிருக்கும் சளிக்கும் உறவு உண்டு என்ற அவருடைய சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை. என்ன செய்வது, வைரஸ் நுழைவது மூக்கால்; மாமா அடைத்து வைத்திருப்பது காதை.

காது அடைபட்டதில் தெருவுக்கு ஒரு நன்மையும் விளைந்திருக்கிறது. பால் போடுகிற பையன், “மாமா, நாளைக்குப் பச்சை பாக்கெட் வராது” என்றால், “ஆமாம்ப்பா, பனி ஜாஸ்திதான்” என்று உச்சஸ்தாயியில் பதில் வரும். தூங்கிக்கொண்டிருக்கிற இருபது வீட்டுக்கும் குளிர்காலம் தொடங்கிவிட்டது என்ற தகவல் அப்போதுதான் போய்ச் சேருகிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இலை சிவந்து உதிர்வது, ஏரி உறைவது, கூரையில் பனி படிவது என்று மற்ற ஊர்களில் பருவமே வந்து கதவைத் தட்டும். சென்னையில் மழைக்குப் பின் வெயில், வெயிலுக்குப் பின் பெருவெயில். நடுவே இலேசாகத் தலைகாட்டிவிட்டுப் போகிற குளிரை யாராவது பார்த்து நாலு பேருக்குச் சொன்னால்தான் உண்டு. கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்குத் திருப்பாவையைத் தொடங்கி மாதத்தைச் சொல்கிறது. வாசல் கோலத்துச் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ தேதியைச் சொல்கிறது. குளிரைச் சொல்கிற வேலை மாமாவுக்கு. அதை அவர் சம்பளமில்லாமல் செய்கிறார். கோலம் போடுகிற பெண்ணிடம், “தலையில ஒரு துண்டைப் போட்டுக்கோம்மா, பனி எறங்குது” என்பார். சைக்கிளில் ட்யூஷனுக்குப் போகிற பையனை நிறுத்தி ஐஸ்கிரீமைப் பற்றி எச்சரிப்பார். வாட்ச்மேனுக்குத் தன் பழைய மஃப்ளரைக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து அதை அவர் கட்டியிருக்கிறாரா என்று வேவு பார்ப்பார். பிறகு நடைப்பயிற்சி. மயிலாப்பூரில் லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் இந்த மாதங்களில் மஃப்ளர் கட்டியவர்களைப் பார்க்கலாம். பக்கத்தில் போனால் தைல வாசனை வரும். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத்தான் அந்தப் பூங்கா தாங்கியிருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் வேறு யார் பெயரும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

“இந்த வருஷம் மாதிரி குளிர் எந்த வருஷமும் இல்லை” என்று அவர் வருடா வருடம் சொல்கிறாரே, அது பொய்யில்லையா என்று கேட்பார்கள். பொய் சொல்லப் போன வருஷத்துக் குளிர் நினைவில் இருக்க வேண்டும். நடுவில் அக்னி நட்சத்திரம் வந்து எல்லாவற்றையும் ஆவியாக்கிவிட்ட பிறகு எந்த நினைவு மிஞ்சும்? ஒவ்வொரு மார்கழியும் அவருக்கு முதல் மார்கழிதான். 1905-ஐப் பார்த்துவிட்டு வந்து மறுக்கவும் ஆளில்லை.

கடைசியாக, சிரிக்கிறவர்களையும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். பெரும்பாலும் இளைஞர்கள். மே மாத இரவில் இவர்கள் ஏசியை 18-இல் வைக்கிறார்கள். வைத்த அரை மணியில் நடுங்குகிறார்கள். நடுங்கியதும் ரிமோட்டை எடுப்பதில்லை. ரஜாயை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அறை ஏசிகளை ஆன் செய்தால் முதலில் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் மத்திய அரசு விதித்திருக்கிறது. மனிதனுக்கு அவ்வளவு குளுமை போதும் என்பது அதன் கணக்கு. தேங்காய் எண்ணெயும் அரசாங்கமும் ஒரே எண்ணில் ஒத்துப்போவது அபூர்வம். அந்த 24-க்கும் கீழே மூன்று நான்கு டிகிரியை மார்கழி விடியற்காலம் இலவசமாகத் தருகிறது, மாமா மூடிக்கொள்கிறார். இவர்கள் காசு கொடுத்து ஆறு டிகிரி வாங்குகிறார்கள், இவர்களும் மூடிக்கொள்கிறார்கள். இதில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? டிசம்பர் சீசனில் சபா அரங்குக்குள் போனால் விவகாரம் இன்னும் தெளிவாகும். அங்கே வர்ணம் முடிவதற்குள் பட்டுப்புடவைகளின் மேல் சால்வை ஏறிவிடும். வாசலில் மாமாவைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் கைக்குட்டையைக் காதில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். காதைப் பொத்திக்கொள்வதைப் பாடகர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற தர்மசங்கடம் மாமாவுக்கு மட்டும் இல்லை. அவர் வரும்போதே கட்டிக்கொண்டு வந்தவர்.

அவர் மேல் எனக்கும் குறை உண்டு. தனக்குக் குளிர்ந்தால் வீடு முழுவதும் ஃபேனை நிறுத்துகிறார். மழை ஓய்ந்து கொசு பெருகும் மாதத்தில் ஃபேன் என்பது காற்றுக்காக மட்டும் சுற்றுவதில்லை என்று வீட்டம்மா எத்தனை முறை சொன்னாலும் கம்பளியைத் தாண்டி அது உள்ளே போவதில்லை. ஜன்னல்களைச் சாத்துகிறார். மருமகள் திறக்கிறாள், மறுபடி சாத்துகிறார். பொங்கல் வந்து, பழையதைக் கழிக்கிற போகியில் அந்த மஃப்ளருக்கும் ஒரு முடிவு வரும் என்று வீடே காத்திருக்கிறது. அதற்குள் அவர் பழமொழியைக் கொண்டுவந்துவிடுவார்: தைப் பனி தரையைத் துளைக்குமாம், மாசிப் பனி மச்சைத் துளைக்குமாம். ஆகையால் மாசி முடியட்டும் என்பார். மாசிப் பகலில் நுங்கம்பாக்கம் முப்பது டிகிரியைத் தாண்டிவிடுகிறதே என்றால், மஃப்ளர் பகலுக்கு இல்லை என்று பதில் தயாராக இருக்கிறது. அப்படியானால் பகல் பதினொரு மணிக்கு, நெற்றியில் வியர்வை வழிய, அதே கட்டோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பானேன் என்று கேட்டால், என் கட்சிக்காரருக்காக நான் வாய்தாதான் கேட்க முடியும்.