பழைய நாதத்தின் புதிய பக்தர்கள்

1970-இல் இங்கிலாந்தில் ரூபர்ட் நீவின் நிறுவனம் சிருஷ்டித்த 1073 என்னும் மைக் ப்ரீஆம்பை, அணுவும் பிசகாமல் நகலெடுத்துத் தம் மாடியறையில் ஸ்தாபித்தே தீருவதென்ற வைராக்கியத்தோடு, மின்சார ரயிலேறி, மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு யாத்திரை போகும் கனவான்கள் அம்பத்தூரில் உண்டு. காலடியிலேயே 1964-இல் தோன்றிய தொழிற்பேட்டை இருக்கிறது. ஆயினும் உள்ளூரில் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் சீமை நாதம் ஜனிக்காதாம்! அக்காலத்து நிபுணர்கள் ஒலியின் விகாரத்தைக் குறைக்க ஆயுளைச் செலவிட்டார்கள். இவர்களோ அதே விகாரத்தை மீட்கச் சம்பளத்தைச் செலவிடுகிறார்கள்.

மைக்கின் மில்லிவோல்ட் முனகலை 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு, உயர்த்தும் இச்சாதனத்துக்குப் பாரபட்சம் தெரியாது. வித்துவானின் ஆலாபனையோடு, ஆவடி ரயிலின் ஊதலையும், அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலையும், எர்த் சரியில்லாத வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அது ஒரே அளவில் வளர்ப்பதைக் கேட்கையில், 1955-இல் ஆவடிக் காங்கிரஸ் தீர்மானித்த சமதர்மம் இந்த ஒரு பெட்டிக்குள்ளாவது பரிபூரணமாக அமுலாகியிருப்பது விளங்கும்.

சால்டரிங் அயர்னைச் சூடேற்றுமுன், அன்பர்கள் தயைகூர்ந்து ஜன்னலைச் சாத்துவார்களாக.