கௌரவச் செயலாளர்

அவர் வீட்டுக்குப் போனால் படம் காட்டாமல் விடமாட்டார். காட்டுவது படத்தின் முகத்தை அல்ல, முதுகை. பரணிலிருந்து இறக்கிய பழைய பிரிண்டுகள்; 12-க்கு 16 அங்குலம், கெட்டி அட்டையில் ஒட்டியவை. ஃபிலிம் காலத்தில் தபாலில் கடல் தாண்டிப் போய், ஒவ்வொரு நாட்டிலும் முதுகில் ஒரு லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பப்பட்டவை. நேஷனல் பெர்மிட் லாரியின் பின்னால் மாநிலங்களின் பெயர் வரிசையாக இருக்குமே, அந்த மாதிரி.

"இது பெல்ஜியம், தம்பி. இது ஸ்பெயின். இது ஹாங்காங், பசை கொஞ்சம் விட்டுட்டு."

ஒருநாள், முன்பக்கம் என்ன படம் என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கிழவி," என்றார்.

ஊருக்கு ஊர் போட்டோ கிளப் இருக்கிறது. கிளப்புக்குக் கிளப் இப்படி ஒரு கௌரவச் செயலாளரும் இருக்கிறார். தலைவர்கள் வருவார்கள், மாலை வாங்கிக்கொண்டு போவார்கள். செயலாளர் போகமாட்டார். பீரோ சாவி, ரசீதுப் புத்தகம், பேங்க் பாஸ்புக், இமெயில் பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம். எங்கள் செயலாளர் பேங்கில் ரிட்டயர் ஆனவர். அங்கே டெபாசிட் பிடித்த கை, இங்கே உறுப்பினர் பிடிக்கிறது. துட்டி வீட்டில்கூடச் சட்டைப்பையில் விண்ணப்பப் படிவம் இருக்கும். ஒருமுறை இறந்தவரின் மகன் துக்கத்தோடு துக்கமாக விலை உயர்ந்த போனில் மாலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் அருகே போய்த் தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்தப் பையன் ஆயுள் சந்தா கட்டினான்.

அவர்கள் படம் அனுப்பும் போட்டிக்குப் பெயர் சலான். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினால் பாதிப் பேருக்கு சலூன் என்றுதான் வரும். அவர் மனைவி பக்கத்து வீட்டில், "போர்ச்சுகல் சலூனுக்கு அனுப்பிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்காக" என்று சொல்லப்போக, அந்த அம்மாள் கேட்டாராம்: "முடியையா?"

முடியோ படமோ, காணிக்கை காணிக்கைதான். பணம் கட்டினால்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். 1950-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது ஃபியாப் என்ற உலகக் கூட்டமைப்பு. பெல்ஜியத்துக்காரர் டாக்டர் வான் டி வையர் முன்நின்று நடத்தியது. அதன் ஆதரவு பெற்ற சலான்களில் படம் ஏற்கப்பட்டால் அதற்கு 'அக்செப்டன்ஸ்' என்று பெயர். நான் கணக்குக் கேட்ட காலத்தில் 40 அக்செப்டன்ஸ், 15 வெவ்வேறு படங்கள், 8 நாடுகள் இருந்தால் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் இ.எஃப்.ஐ.ஏ.பி. அதற்கும் மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம். வைரத்திலேயே மூன்று படி. நகைக்கடைச் சீட்டில்கூட இத்தனை திட்டம் கிடையாது.

மகள் கல்யாணப் பத்திரிகையில் எல்லா எழுத்துகளையும் வரிசையாக அடித்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, சம்பந்தி லண்டனில் படித்த டாக்டர் என்று நம்பி முழங்கால் வலிக்கு யோசனை கேட்டார். செயலாளர் மறுக்கவும் இல்லை. "காலையில கொஞ்சம் நடங்க" என்றார்.

அந்தக் கல்யாணம்தான் எங்கள் சங்கத்தை அனைத்துலகச் சங்கமாக்கியது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. தாலி கட்டிய வாரத்திலேயே உறுப்பினர் அட்டை. கேமரா இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு சிங்கப்பூரில் மைத்துனர் மகன், டொரண்டோவில் எங்கள் தெருக்காரர் ஒருவர். மொபைல் கடை மாடியில் இருக்கும் எங்கள் அறையில் உலக வரைபடம் மாட்டி, சிவப்புக் குண்டூசி குத்தினார். டொரண்டோக்காரர் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தபோது செயலாளர் ஊசியைப் பிடுங்கவில்லை. நியூஜெர்சியில் புதிதாக ஒன்று குத்தினார். சங்கம் வளர்கிறது என்றால் இப்படித்தான்.

வளர்ந்த சங்கத்துக்குப் பத்திரிகை இல்லாமல் முடியுமா? "லண்டன்ல 1853-ல சங்கம் தொடங்குனான், அதே வருசம் பத்திரிகையும் தொடங்குனான். இன்னைக்கு வரைக்கும் நிக்கல தம்பி" என்பார், ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியைப் பற்றி. எங்களுடையது மூன்றாவது இதழிலேயே மூச்சு வாங்கியது. நடுவில் பின் அடிக்கும் புத்தகம். பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். 29 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் மூன்று பக்கத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். அந்த மூன்று பக்கத்தில்தான் 'ஒளியும் நிழலும்' தொடர் பிறந்தது. 14-வது பகுதி போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் நிழலுக்கு வரவில்லை. வாசகர் கடிதமும் அவரே எழுதுவார். ஒரே ஒரு தடவை கொஞ்சம் கண்டித்து எழுதிக்கொண்டார். அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்தார்.

வாசகர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இதழ் வந்ததும் தன் படம் வந்த பக்கத்தைப் பிரிப்பார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். படம் வராதவர்கள் அச்சு சரியில்லை என்பார்கள்.

ஆனால் அந்த மீன்கொத்தி விவகாரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மூத்த உறுப்பினரின் மீன்கொத்தி, கௌரவமாக இருக்கட்டும் என்று நடுப்பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடப்பட்டது. புத்தகம் வந்து பிரித்துப் பார்த்தால், மேல் பின் சரியாகப் பறவையின் கண்ணில் இறங்கியிருக்கிறது. அச்சகம் ஒரு பிரதியில்கூடப் பிசகவில்லை; முந்நூறு பிரதியிலும் அதே கண்ணில் அதே பின். பெரியவர் பேசவே இல்லை. பின்னை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தார். கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அன்று மாலையே ராஜினாமா. ஆறு மாதத்தில் எதிர்ச் சங்கம் தொடங்கினார். எங்களுடையது 'அனைத்துலக' என்பதால் அவருடையது 'அகில உலக'. ரசிகர் மன்றங்கள் கண்ட ஊர், பெயருக்கா பஞ்சம்?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்பயணம். விடியுமுன் வேனில் கிளம்பி குளத்துக்கரைக்குப் போவோம். இயற்கைப் பிரிவுக்குப் போகும் படத்தில் மனிதன் கைபட்ட சாமான் தெரியக்கூடாது. தெரிந்தால் கம்ப்யூட்டரில் அழிக்கவும் கூடாது. எங்கள் பக்கத்துக் கொக்கு வரப்பில் நிற்கும், இல்லாவிட்டால் மின்கம்பத்தில் நிற்கும். "கலர் பிரிவுல போட்ருவோம்" என்று செயலாளர் தேற்றுவார். அவர் கழுத்தில் கேமரா தொங்கும். லென்ஸ் மூடி திறந்து நான் பார்த்ததில்லை. நேரமெல்லாம் தலை எண்ணுவதிலும் இட்லிப் பொட்டலத்திலும் போய்விடும்.

போன மாதம் ஆட்டு மந்தை எடுக்கப் போயிருந்தோம். கீதாரி எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டார். இவர் முகம் எத்தனையோ நாடுகளுக்குப் போய்வந்திருக்கிறது. இவர் தென்காசி தாண்டியதில்லை.

"ஆட்டப் பத்தவா சார்? புழுதி வேணும்லா?" என்றார். "வெரசா வாங்க. வெயில் அந்தப் பனைக்கு மேல ஏறிட்டுன்னா ஒண்ணும் தேறாது."

ஆட்டைப் பத்தினார். புழுதிக்குள் வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்கியது. இருபது கேமராக்கள் படபடத்தன. அப்போதுதான் செயலாளர் பேனரை விரித்தார். "எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ. வெளிச்சம் போயிரும்." யாரும் படத்திலிருந்து விலகச் சம்மதிக்காததால் போன் கீதாரி கைக்குப் போனது. அவர் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார், பிறகு குந்தி உட்கார்ந்தார்.

"நீலச்சட்டை சார், கொஞ்சம் வலத்தால வாங்க. மூஞ்சில நெழல் விழுது."

"பேனர் தெரியுதா?" என்றார் செயலாளர்.

அதுதான் இந்த இதழின் அட்டைப்படம். இத்தனை இதழ்களில் வந்த அட்டைகளிலேயே இதுதான் படமாக இருக்கிறது: கீழிருந்து எடுத்ததால் எங்கள் தலைக்கு மேல் முழு வானம், காலடியில் மிதக்கிற புழுதி, ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு வெள்ளாடு. உள்ளே, படம் எடுத்தவர் பெயருக்கு நேரே 'சங்க உறுப்பினர்' என்று போட்டிருந்தது. தப்பாயிற்றே என்று செயலாளருக்கு போன் செய்தேன்.

"தெரியும் தம்பி. அந்த ஆளு நம்பர் இருக்கா ஒங்ககிட்ட? சந்தா வாங்கணும்."