எப்ப எடுக்குறாங்க? – சேனல்களுக்கு ஒரு மனு

பெறுநர்: தொடர் பிரிவு மற்றும் செய்திப் பிரிவு, தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்கள் அனைத்தும்.

பொருள்: திரையில் சாவு – முறைப்படுத்தக் கோருதல்.

ஐயா, அம்மையீர்,

மனுதாரர் மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டும் சாதாரண நேயர். உங்கள் கட்டடத்தில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். தொடர் பிரிவில் யாரும் சாவதில்லை. செய்திப் பிரிவிலோ சாகும்வரை யாரும் பொறுப்பதில்லை.

தொடர் பிரிவில் லாரி ஏறினாலும் கோமாதான், மலையிலிருந்து உருண்டாலும் கோமாதான். “பாடி கிடைக்கல” என்று ஒரு வசனம் வந்துவிட்டால் நேயர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். ஆள் எப்படியும் திரும்பிவிடுவார், தேவைப்பட்டால் பிளாஸ்டிக் சர்ஜரி செய்த வேறு முகத்தோடு. இதற்கு அகில இந்திய முன்னோடியும் உண்டு. ‘கியூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’ இந்தித் தொடரில் கதாநாயகன் மிஹிரைச் சாகடித்ததும் நேயர்கள் கொந்தளித்தார்கள். மிஹிர் உயிரோடு வந்து சேர்ந்தார். எமனோடு வாதாடிக் கணவனை மீட்ட பெருமை சாவித்திரிக்கு அடுத்தபடியாக டி.ஆர்.பி.க்கே உரியது.

2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து மாரடைப்பில் காலமானார். ‘எதிர்நீச்சல்’ தொடரில் அவர் நடித்த ஆதி குணசேகரனோ சாகவில்லை. வேல ராமமூர்த்தி வந்து அதே அதட்டலைத் தொடர்ந்தார். நடித்தவர் போனாலும் பாத்திரத்தைப் போகவிடுவதில்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பு அது என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்.

உங்கள் மருத்துவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானிட்டரில் கோடு நேராக ஓடியதும் அவர்கள் நெஞ்சில் ஷாக் கொடுக்கிறார்கள். நின்றே போன இதயத்துக்கு ஷாக் பலன் தராது. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. ஒரு வங்காளத் தொடரில் மருத்துவர் ஷாக் கருவிக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவும் ஸ்கிரப்பர்களை வைத்தே நோயாளியை எழுப்பப் பார்த்ததை நாடே பார்த்துச் சிரித்தது. வெளிநாட்டுச் சரக்கும் லேசுப்பட்டதல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் 97 அத்தியாயங்களைப் பார்த்து ஆராய்ந்தவர்கள் 1996இல் ஒரு மருத்துவ இதழில் கணக்கு எழுதினார்கள். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்து வீடு போகிறார்கள். நிஜ மருத்துவமனைகளில் அதில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மகன், “டிவியில பொழைச்சிடுறாங்களே டாக்டர்” என்று கேட்கிறான்.

இனி செய்திப் பிரிவு. 2016 டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30க்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவுக்குப் பிறகுதான் அறிவிப்பு வந்தது. அன்று திங்கட்கிழமை. மாடியில் தொடர் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமைவரையாவது இழுத்துக் கொடுத்திருப்பார்கள்.

2018 பிப்ரவரியில் துபாயில் ஸ்ரீதேவி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தபோது, தெலுங்குச் சேனல் ஒன்றின் செய்தியாளர் தொட்டிக்குள் தாமே படுத்து விளக்கினார். தமிழ்ச் சேனல்கள் அந்த அளவுக்கு நனையவில்லை என்று பெருமைப்படலாம் என்றால், அடுத்த ஆண்டே நடுக்காட்டுப்பட்டி வந்தது. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை. 2019 அக்டோபர் 25 மாலையிலிருந்து 29 விடியற்காலைவரை இரவும் பகலும் நேரலை. அந்த நேரலையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியில் இன்னொரு குழந்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. இந்த இடத்தில் மனுதாரருக்குக் கிண்டல் வரவில்லை.

2023 ஜனவரியில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சடலங்களையும் ரத்தத்தையும் மறைக்காமல் காட்டக்கூடாது என்று சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. சடலம் மங்கலாகலாம். பாடைக்குப் பக்கத்தில் மகளின் வாய்க்கு நேராக நீளும் மைக் மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. “இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?” எழவு வீட்டில் எந்தப் பங்காளியும் கேட்கத் துணியாத கேள்வி.

எழவு வீட்டில் உண்மையில் கேட்கப்படுவது வேறு. “எப்ப எடுக்குறாங்க?” துபாயிலிருந்து வரும் மகனுக்கு டிக்கெட் கிடைத்ததா, ஃப்ரீசர் பாக்ஸுக்கு எவ்வளவு வாடகை, பந்தல்காரர் வந்தாரா, டீ எத்தனை பேருக்கு. அப்புறம் 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும்; ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று நகராட்சி ஜன்னல் திருப்பி அனுப்பும். பதினாறாம் நாள் காரியத்தில் அழாதவள், மூன்று மாதம் கழித்துக் கேஸ் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றும்போது அழுவாள். இதில் ஒரு காட்சிகூட உங்கள் இரண்டு தளங்களிலும் இதுவரை மனுதாரர் கண்ணில் படவில்லை.

ஆகவே, ஹாலில் கட்டிலைப் போட்டு நெடுநாள் கிடந்த ஒரு பாட்டி, இடி முழக்கமோ மூன்று முறை முகம் திரும்புவதோ இல்லாமல், ஒரே எபிசோடில் செத்து அதற்குப் பிறகு திரும்பி வராமலிருக்க ஆவன செய்யுமாறு மனுதாரர் கேட்டுக்கொள்கிறார். விளம்பரதாரர் கிடைக்கமாட்டார் என்று பயப்பட வேண்டாம். ஃப்ரீசர் பாக்ஸ்காரரிடம் பேசியாயிற்று. முப்பது வினாடிக்கு எவ்வளவு என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்