பூக்க முந்திப் படம் போட்ட தம்பிக்கு

தம்பி, வெள்ளவத்தையில ஏழாம் மாடியில இருந்துகொண்டு நீர் கள்ளி வளக்கிறீர் எண்டு கேள்விப்பட்டன். வலு சந்தோசம். ஊரில எங்கட அப்புமார் கள்ளியை வேலிக்கரையிலதான் வைச்சவை. ஆடு வந்தாலும் குத்தும், பக்கத்துக் காணிக்காரன் எல்லை தள்ள வந்தாலும் குத்தும். நீர் அதுக்குச் சீனச் சாடி வேண்டி, சாடிக்குக் கீழ தட்டு வேண்டி, தட்டுக்குக் கீழ சின்னக் கம்பளமும் விரிச்சு வைச்சிருக்கிறீராம். கள்ளிக்கும் ஒரு காலம் வந்திட்டுது.

கோவிக்காதையும். நக்கலடிக்க வரேல்லை, புத்தி சொல்லத்தான் வந்தனான். நக்கல் தன்பாட்டில கூட வரும்.

முதல்ல உம்மட கண்டு ஆரெண்டு தெரிஞ்சுகொள்ளும். உது வேலிக் கள்ளி இல்லை. மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கத்துக் காடுகளில மரக் கவட்டுக்குள்ள, உக்கின சருகில வேர்விட்டுத் தொங்கிற சாதி. ஓர்க்கிட் கள்ளி எண்டு கடைக்காரர் பேர் எழுதி ஒட்டியிருப்பினம். ஓர்க்கிட்டுக்கும் அதுக்கும் சொந்தமில்லை. நீர் இலை எண்டு நினைச்சுத் தடவிக்கொண்டிருக்கிறதும் இலையில்லை, தட்டையான தண்டு. அந்தத் தண்டின்ர ஓரத்தில இருக்கிற வெட்டுகளுக்குள்ள இருந்துதான் மொட்டு வரும். வெள்ளையா இராவில பூக்கிற உம்மட சாதியைச் சிங்களச் சனம் கடுபுல் எண்டு சொல்லும். இந்தியாவில பிரம்ம கமலம் எண்டு விளக்குக் கொளுத்திக் கும்பிடுகினம். அசல் பிரம்ம கமலம் இமயமலைக் குளிரில கிடக்குது, உத்தரகாண்ட் மாநிலத்தின்ர பூ அது. அந்தப் பூவைக் கேட்டால் உம்மட கண்டை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லும்.

கடுபுல் பூக்கிற இராவில நாகர் இறங்கிவந்து, அந்தப் பூவைக் கொண்டுபோய்ச் சிவனொளிபாத மலையில புத்தருக்கு வைப்பினம் எண்டு ஒரு ஐதீகம் இருக்கு. வடிவான கதை. கொலம்பஸ் கப்பலேற முந்தி நாகருக்கு மெக்சிக்கோக் கண்டு எப்பிடிக் கிடைச்சதெண்டு மட்டும் ஆரிட்டையும் கேட்டிடாதையும்.

எங்கட தீவுக்கெண்டு உண்மையாவே ஒரு கள்ளி இருக்கு, உமக்குத் தெரியுமோ? சிங்களத்தில நவஹந்தி எண்டு சொல்லுவினம். ஈரவலயக் காட்டு மரங்களிலயும் பாறைகளிலயும் மெல்லிசாத் தொங்கும், மணி மணியா வெள்ளைப் பழம் பிடிக்கும். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியில தன்பாட்டில வளருற ஒரே கள்ளிச் சாதி அதுதான். ஆபிரிக்காவில இருக்கு, மடகஸ்காரில இருக்கு, எங்களிட்டயும் இருக்கு. பறவை கொண்டுவந்ததோ கப்பல்காரர் கொண்டுவந்ததோ எண்டு படிச்ச ஆக்கள் இன்னும் இழுபடுகினம். அதை ஒருத்தரும் முகநூலில போடுறேல்லை, பெரிய பூ இல்லைத்தானே. காலி வீதியில நீர் கிலோக் கணக்கில வேண்டுற டிராகன் பழமும் உம்மட கண்டின்ர மச்சான்தான். அதுவும் இராவிலதான் பூக்கும்.

சரி, வளப்புக்கு வருவம். உம்மட சீனச் சாடியைக் குடை வைக்கிறதுக்கு எடுத்துக்கொள்ளும். மரக் கவட்டில ஒரு பிடி சருகோட சீவிச்ச கண்டுக்குப் பெரிய சாடி வேண்டாம். வேர் நெருக்குப்பட்டால்தான் அது பூக்கிறதைப் பற்றி யோசிக்கும். சின்னச் சாடி எடும், அடியில ஓட்டை வடிவாத் திறந்திருக்கவேணும். தும்புத் துண்டு, கரித்துண்டு, எப்பன் மணல், உக்கின இலைக்குப்பை, இவ்வளவும் போதும். வயல் களிமண்ணைக் கொண்டுவந்து அடைச்சீரெண்டால் வேர் அழுகிப்போம்.

தண்ணியில வாறன். விருந்துக்கு வந்த மருமோன்ர கோப்பையில மாமி சோத்தைத் தள்ளுறமாதிரி நீர் காலமையும் பின்னேரமும் ஊத்துறீராம். மருமோன் எண்டால் மரியாதைக்குத் தின்பான். உது மரியாதை தெரியாத கண்டு, செத்துப்போகும். விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரும். மேல்மண் காய்ஞ்சிருந்தால் ஊத்தும், ஈரமெண்டால் போய்க் கிரிக்கெட் பாரும். தை மாசி வெய்யிலுக்க இன்னும் குறைச்சு ஊத்தும், அது எப்பன் வாடி ஓய்வெடுக்கட்டும். ஐப்பசி மழைக்கு வானமே ஊத்தும், நீர் போட்டிக்குப் போகாதையும்.

அந்தத் தட்டைப் பற்றியும் சொல்லவேணும், இது பகிடியில்லை. சாடிக்குக் கீழ தட்டில நிக்கிற தண்ணிதான் கொழும்பில டெங்கு நுளம்புக்குப் பிரசவ விடுதி. 2017இல இந்த நாட்டில ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்தது. நுளம்பு பெருக இடம் குடுக்கிறவையைப் பிடிக்க 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டமெண்டு ஒண்டு இருக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதான் பி.எச்.ஐ. மாத்தயா, வந்து கதவைத் தட்டேக்க, "சேர், இது கடுபுல், விலைமதிக்கேலாத பூ" எண்டு சொல்லிப் பாரும். அவர் விலை மதிச்சுத்தான் துண்டு எழுதுவார்.

உம்மட பல்கனி கடலைப் பாத்தது. பின்னேர வெய்யில் நேர அடிக்கும், மே மாசம் சோழகம் தொடங்கினால் உப்புக் காத்தும் சேந்து வரும். கம்பிக்கு உள்பக்கமா, சுவரோட அணைச்சு வையும். உச்சி வெய்யில் பட்டால் தண்டு மஞ்சளாகும், ஒரேயடியா இருட்டில வைச்சால் பென்சில் கணக்கா மெலிஞ்சு நீளும். காலமை இளவெய்யில், மற்ற நேரம் வெளிச்சமான நிழல். கிழமைக்கு ஒருக்காத் தண்டை நல்ல தண்ணியால கழுவிவிடும். எங்கட கொட்டாஞ்சேனையில உப்பில்லை, ஆனால் துறைமுக லொறிப் புழுதி கண்டுக்கு மேல ஒரு அங்குலம். இலையின்ர வேலையைத் தண்டே செய்யிறபடியால் அழுக்குப் படிஞ்சால் அதின்ர சீவியம் நிண்டிடும். நான் ஈரத் துணியால துடைக்கிறனான். மனுசி பாத்தால் தன்ர கண்ணாடி அலுமாரிக்கும் அந்தத் துணியைத் தந்திடுவா எண்டு ஒளிச்சுத்தான் துடைக்கிறது.

பசளை விசயத்தில நீர் தாராளமாம். 2021இல இரசாயனப் பசளைக்குத் தடை போட்டு வயலெல்லாம் தவிச்சுதே, அந்தத் தடையை உம்மட பல்கனியில மட்டும் போட்டிருந்தால் நாட்டுக்கும் நல்லது, கண்டுக்கும் நல்லது. யூரியாவைப் போட்டால் தண்டு தண்டாத் தள்ளும், மொட்டுக் காட்டாது. மாட்டெரு உக்கினது ஒரு பிடி, அரிசி கழுவின தண்ணி எப்பவாவது ஒருக்கா. இது காணும்.

தண்டு கவட்டுக்குள்ள வெள்ளையாப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாப்பூச்சி. சவர்க்காரத் தண்ணியில துணியை நனைச்சுத் துடையும். அதின்ர சொந்தக்காரப் பூச்சி ஒண்டை வெள்ளைக்காரன் 1860களில இந்தியாவில இருந்து இஞ்ச இறக்குமதி செய்து, நாடெல்லாம் பரவின நாகதாளிக் கள்ளியைத் திண்டு தீர்க்க விட்டவன். பூச்சியைக் கூலிக்குப் பிடிச்ச ஆக்களும் இருந்திருக்கினம். உமக்கு மாப்பூச்சி காசு குடுக்காமலே வரும்.

இன்னொண்டு, சிவப்பும் ரோசுமா பூத்த படத்தைக் காட்டி அந்தக் கலப்புக் கண்டும் வேணுமெண்டு நிக்கிறீராம். அது வேற சாதிகளோட கலந்து உண்டாக்கினது. பகலிலயும் விரிஞ்சு நிக்கும், ரெண்டு மூண்டு நாளும் தாங்கும். அமெரிக்காவில இந்தக் கண்டுகளுக்கெண்டு 1940இலயே சங்கம் தொடங்கிட்டினம். எங்கட சனம் இன்னும் தொடங்கேல்லை. தொடங்கினால் மொட்டு வர முந்தி ரெண்டாப் பிரிஞ்சிடும் எண்ட பயமாக்கும். ஆனால் அந்த நிறக் கண்டுகளில கனக்க, மொட்டு வைக்கக் குளிர் இரா கேட்கும். நுவரெலியாவில கூதல் இருக்கு, கொழும்பில ஏசிதான் இருக்கு. மின்சாரப் பில்லைப் பாத்து வெள்ளையோட திருப்திப்படும்.

இப்ப பூவுக்கு வாறன். தண்டு நட்டு ரெண்டு மூண்டு வரியம் பொறுக்கவேணும். நட்டு ஆறு மாசத்திலயே "பூக்கப்போகுது" எண்டு நீர் படம் போட்டனீர், அது மொட்டில்லை தம்பி, புதுத் தண்டு. நூற்று இருவது பேர் அதுக்கு இதயம் குத்தியிருக்கினம். மொட்டெண்டால் குழலோட கீழ தொங்கும், மூண்டு நாலு கிழமை எடுக்கும். அந்த நாளையில சாடியைத் திருப்பாதையும், இடம் மாத்தாதையும், விருந்தாளிக்குக் காட்டவெண்டு சாலைக்குத் தூக்காதையும். கோவத்தில மொட்டைக் கொட்டிப்போடும். விரியிற அண்டைக்குப் பின்னேரம் குழல் வளைஞ்சு, மொட்டு மேல நிமிர்ந்து, பருத்து நிக்கும். இரவு எட்டு ஒன்பதுக்கு அவிழத் தொடங்கும், நடுச்சாமத்தில முழுசா நிக்கும். குழலும் பூவுமா ஒரு அடி நீளம் வரும். வாசம் பக்கத்துப் பிளாட்டுக்கும் போகும், அந்தப் பிளாட்டோட நீர் தண்ணி மோட்டர்ச் சண்டையில கதையாம விட்டிருந்தாலும். விடியக் காலமை தலை தொங்கிடும்.

உலகத்திலேயே விலை கூடின பூ, விலையே போடேலாது எண்டு நீர் எழுதியிருந்ததையும் வாசிச்சன். விடிய முந்தி வாடுற சாமானை ஆர் தம்பி கடையில வைப்பான்? ஆசையெண்டால் வாடின பூவைச் சீனர் செய்யிறமாதிரிச் சூப்புக்குப் போடலாம்.

இவ்வளவு காசழிச்சு வேண்டினது செத்திட்டால் கவலைப்படாதையும். என்ர கண்டில ஒரு சாண் தண்டு வெட்டித்தாறன். நிழலில ஒரு கிழமை போட்டு வெட்டுவாய் காயவிட்டு, தலைகீழாக்காமல் நடும். பூக்கிற அண்டைக்கு எனக்கும் ரெலிபோன் எடும், ஓட்டோ பிடிச்சு வந்திடுவன். எடுக்க முந்தி உங்கட லிஃப்ட் வேலை செய்யுதோ எண்டு பாத்துக்கொள்ளும்.