பேராண்டி, கொஞ்சம் தள்ளி நில்லு

ஏலே பேராண்டி, நீ அனுப்புன போட்டோவெல்லாம் ஒங்க ஆச்சி பாத்துட்டா. கலிபோர்னியாக் காடுன்னு சொன்னே. எதுலயும் காட்டக் காணோம், ஒன் பல்லுதான் தெரியுது. ஆச்சிக்கு அது போதும். ஒன் வாத்தியாருக்குப் போதுமாலே?

நீதானே சொன்னே, வீஸ்லாண்டர்னு ஒரு வனத்துறைக்காரரு 1928-லேர்ந்து ஆளுங்கள வச்சுக்கிட்டு அந்த மலையெல்லாம் ஏறி எறங்குனாருன்னு. எந்தச் சரிவுல என்ன மரம், எம்புட்டுப் பருமன்னு குறிச்சு, 3,000-க்கும் மேல படம் புடிச்சு, புடிச்ச எடத்தையும் வரைபடத்துல பதிஞ்சு வச்சுட்டுல்லா போனாவ! நின்ன எடம் தெரியுது, நின்னவன் மூஞ்சி தெரியல. ஒனக்கு நேர்த் தலைகீழ்.

இதுல "பழைய படத்துல மரமே கம்மி தாத்தா, இப்ப பாருங்க, என்னா அடர்த்தி"ன்னு பெருமை வேற. கூறுகெட்ட பயலே! பழங்குடிச் சனம் வச்ச தீயும் மின்னல் வச்ச தீயும் தரையோட ஓடி சருகையும் சின்னக் கன்னையும் தின்னுட்டுப் போன காலத்துல, பெருமரம் காத்தோட்டமா நின்னுது. 1910-ல இடாகோ, மொன்டானாப் பக்கம் பெருந்தீ வந்து கிலி புடிச்ச வனத்துறைக்காரங்க, 1935-ல போட்டாங்க பாரு ஒரு உத்தரவு: தீயக் கண்டா மறுநா காலம்பற பத்து மணிக்குள்ள அணைச்சாகணும்! தீக்கே ஆபீஸ் நேரம் வச்ச மவராசனுவ. அம்புட்டுதான், நெழல்ல வளர்ற வெள்ளை பிர் மரம் கும்பல் கும்பலா கெளம்பிட்டு. கோடாலியும் வறட்சியும் சேந்துக்கிட, பெருமரம் சில பக்கம் பாதிதான் மிச்சம். இப்ப தீ வந்தா தரையில போவல, உச்சிக்குல்லா ஏறுது. களை மண்டுன வயலும் பச்சைதாம்லே.

சரி, அவுக நின்ன அதே எடத்துல நின்னு மறுபடி படம் புடிக்கணும்லா, அந்த வேலையப் பாரு. பழைய படத்தக் கையில வச்சுக்க. முன்னால கெடக்க பாறை, பின்னால உள்ள முகட்ட அதுல எம்புட்டு மறைக்கோ, அம்புட்டே மறைக்க வரைக்கும் எடமும் வலமுமா நகரு. பாறை நகராது, நீதான் நகரணும். அதே மாசம், அதே நேரம் போனா நெழலும் ஒத்து வரும். ஆளு நிக்கணும்னா மரத்துக்கு அளவுகோலா நில்லு, மாப்பிள்ளை மாதிரி நிக்காத.

இம்புட்டும் பண்ணி சரியான எடத்துக்கு வந்து நிப்பே. முன்னால புதுசா ஒரு மரம் மலையவே மறைச்சுக்கிட்டு நிக்கும். படம் கெட்டுப்போச்சேன்னு பக்கத்து மேட்டுல ஏறிராத. வீஸ்லாண்டர் ஆளுவ நின்னப்ப அது இல்லைல்லா? அந்த மரந்தாம்லே சேதி. அதையே எடு. அருவாளத் தேடுனே, அபராதத்த ஒங்கப்பன் என் தலையிலதான் கட்டுவான்.